சிட்டையும் பேரேடும்

ஒரு யோசனை தோன்றும்போது, அதை மறக்கவே மாட்டோம் என்ற நம்பிக்கையும் கூடவே தோன்றிவிடுகிறது. இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, இதைப் போய் எழுதி வைக்க வேண்டுமா என்று கை சோம்பல்படுகிறது. உண்மையில் அந்தத் தெளிவு, யோசனை இப்போது மனத்தில் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. இன்று மாலை இருக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இப்படி மறந்துபோனவை எத்தனை என்று கணக்கெடுக்கவும் வழியில்லை, ஏனென்றால் மறந்தோம் என்பதே பெரும்பாலும் நினைவுக்கு வராது. "ஏதோ ஒன்று நினைத்தேனே" என்ற அரிப்பாவது மிஞ்சினால் அதிர்ஷ்டம். நம் நினைவாற்றல் நம்பத்தக்கது என்று வாதாட, நினைவில் நின்றவை மட்டுமே சாட்சிக்கூண்டுக்கு வருகின்றன, போனவை வருவதில்லை.

1959-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் செய்த சோதனை மிக எளியது. மூன்றே மூன்று மெய்யெழுத்துகளைச் சொல்லிவிட்டு, அடுத்த கணமே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரும்படி கேட்டார்கள். மனத்துக்குள் அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கழித்தல். 18 நொடிகளுக்குப் பிறகு கேட்டபோது, எழுத்துகளைச் சரியாகச் சொல்ல முடிந்தது பத்தில் ஒரு முறைகூட இல்லை. இதற்கு முன்பே, 1885-இல், ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதியின் வேகத்தை அளந்து வெளியிட்டிருந்தார். கற்றதில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. அதற்குப் பிறகு குறைவது மிக மெதுவாகத்தான். அதாவது மறதி வட்டிக்காரரைப் போல மாதக் கடைசியில் வந்து நிற்பதில்லை, முதல் மணி நேரத்திலேயே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

யோசனை பொருளற்ற அசை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொருளுள்ளதும், முன்பே தெரிந்தவற்றோடு பின்னிக்கொண்டதும் நன்றாகவே நிற்கும். சொந்த ஊர்ப் பெயரை யாரும் ஒரு மணி நேரத்தில் மறப்பதில்லை. ஆனால் புதிதாகத் தோன்றிய யோசனை இன்னும் எதனோடும் பின்னிக்கொள்ளவில்லை. அது எந்த அளவுக்குப் புதிதோ அந்த அளவுக்கு அந்த அசைகளின் நிலையில்தான் இருக்கிறது. பழைய எண்ணத்தையே வேறு சொற்களில் நினைத்திருந்தால் அது தானாகவே திரும்ப வரும். புதிய எண்ணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

நான் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பேருந்தில் போய்க் கணிதம் கற்பிப்பவள். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவையும் கோரிமேட்டையும் தாண்டி அடிவாரம் வரை பேருந்து நிறுத்தி நிறுத்திப் போகும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார இடம் கிடைத்த நாளில்கூட அந்த வளைவுகளில் எதையும் படிக்க முடியாது, படித்தால் குமட்டும். கைப்பேசியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஆக, வேறு வழியில்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறது, அப்போதுதான் பாடத்தைப் பற்றிய நல்ல யோசனைகள் எல்லாம் வருகின்றன. எனக்கு யோசனை வரும் இன்னோர் இடம் பாத்திரம் தேய்க்கும் தொட்டி. ஒன்றில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மற்றொன்றில் இரண்டு கையும் சபீனாப் பொடியில் இருக்கும். எழுத முடியாத இடமாகப் பார்த்துத்தான் யோசனை வருகிறது என்று நொந்துகொள்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் யோசித்துப் பார்த்தால் கை எதிலோ சிக்கி, மனம் மட்டும் அவிழ்ந்திருக்கும் இடங்களாக அவை இருப்பதில் ஆச்சரியமில்லை. மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வருவது பெரும்பாலும் மின்கட்டணம் கட்டும் தேதிதான்.

எழுதி வைக்கும் பழக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் அப்பாவிடமிருந்து கற்றேன். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அவருக்கு முன்னால் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று சிட்டை, மற்றொன்று பேரேடு. சிட்டை என்பது நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் அதற்குக் கீழே மஞ்சளும் இருக்கும். முதுகில் துளை போட்டுச் சணல் கயிற்றில் ஒரு பென்சில் கட்டித் தொங்கும். பென்சிலைக் கயிற்றில் கட்டியது திருட்டுப் போகாமல் இருக்க அல்ல, தேடாமல் இருக்க. லாரி வந்து நின்றதும் மூட்டை இறங்க இறங்க அப்பா சிட்டையில் ஏற்றிக்கொண்டே வருவார்: யாருடைய சரக்கு, எத்தனை மூட்டை, என்ன எடை, ஏற்று இறக்குக் கூலி எவ்வளவு, கையில் கொடுத்த முன்பணம் எவ்வளவு. வரிசை கிடையாது, தலைப்பு கிடையாது, அழகு கிடையாது. புளிக்குப் பக்கத்தில் மிளகாய் இருக்கும். அதற்கடுத்த வரியில் டீக்கடைக்குக் கொடுத்த காசு இருக்கும். நடந்தது நடந்த வரிசையில் ஏறும், அவ்வளவே.

சாயங்காலம் கடை அடங்கிய பிறகு பேரேட்டைத் திறப்பார். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பக்கம். சிட்டையிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, உரிய ஆளின் பக்கத்தில் மையால் பற்றும் வரவும் எழுதிவிட்டு, சிட்டை வரியின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுப்பார். கோடு விழாத வரி என்றால் இன்னும் வேலை பாக்கி என்று பொருள். கோடு விழாமல் எந்த வரியையும் அவர் மறுநாளுக்கு விட்டதில்லை என்று நான் சொல்லமாட்டேன், விட்டிருக்கிறார்; ஆனால் விட்ட வரி எது என்பது புத்தகத்தைத் திறந்ததுமே கண்ணில் படும்படி இருந்தது.

அந்த சிட்டையில் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைப்பது எண்கள் அல்ல, எண்களுக்குப் பக்கத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும் ஒன்றிரண்டு சொற்கள். "ஈரம்", "தையல் பிரிந்தது", "மகன் வந்தான்", "நாளை மீதி என்றார்". ஒரு முறை, எடை மட்டும் எழுதினால் போதாதா, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "எடை சீட்டுலயே இருக்குது கண்ணு. மூட்டை நனைஞ்சு வந்துச்சுங்கறது எந்தச் சீட்டுல இருக்குது? அடுத்த மாசம் நாயம் பேசறப்ப அதுதான் வேணும்" என்றார். ஒரு மாதம் கழித்து விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் எடைக் குறைச்சலைப் பற்றி வழக்கு வரும்போது, அந்த "ஈரம்" என்ற ஒற்றைச் சொல் இல்லையென்றால், எழுதப்பட்ட எடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

யோசனையை எழுதி வைப்பதில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். எழுதாமல் விடுவது ஒரு பிரச்சினை என்றால், யோசனையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு யோசனையையே எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பிரச்சினை. எழுதும் கணத்தில் மற்ற அனைத்தும் மனத்தில் இருப்பதால், ஒரு சொல்லே முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும் போலத் தோன்றும். மூன்று நாள் கழித்து அந்தச் சொல்லைப் படிக்கும் ஆள், பெயரளவில் நாமே ஆனாலும், அந்தச் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஆள் அல்ல.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவிக்கு நேர்ந்தது இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. நரம்பு, தசைக்குச் செய்தி அனுப்புவது மின்சாரத்தாலா, ஏதேனும் வேதிப்பொருளாலா என்பது அப்போது தீராத கேள்வி. 1920-இல், ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய இரவில் அவர் தூக்கத்திலிருந்து விழித்து, ஒரு துண்டுத் தாளில் எதையோ கிறுக்கிவிட்டு மீண்டும் படுத்துவிட்டார். காலையில், முக்கியமான ஒன்றை எழுதி வைத்தோம் என்பது நினைவிருந்தது. கிறுக்கல் என்ன சொல்கிறது என்பது மட்டும் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறையச் செய்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றொன்றின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் துடிப்புக் குறைந்தது. செய்தியைக் கொண்டுபோவது ஒரு வேதிப்பொருள் என்பது அதோடு தெரிந்துவிட்டது. 1936-இல் ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னால், எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் உடனே மடக்குவார்: "பாருங்கள், நல்ல யோசனையாக இருந்தால் அதுவே திரும்பி வந்துவிட்டதே!" ஆம், வந்தது. ஆனால் கதையின் இன்னொரு பகுதியை லோவியே எழுதியிருக்கிறார். வேதிப்பொருள்தான் செய்தியைக் கடத்துகிறது என்ற எண்ணம் 1903-இலேயே அவருக்குத் தோன்றியிருக்கிறது; அதைச் சோதிக்க வழி தெரியாததால் அப்படியே மறந்துபோனார். அது திரும்பி வர 17 ஆண்டுகள் ஆயின. திரும்பி வரும் என்று காத்திருக்கலாம்தான். எத்தனை ஆண்டு என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

முடிவை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விடுவதற்கு எங்கள் ஊருக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1887-இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன், காகிதம் வாங்கக் காசில்லாத காலத்தில் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டுகளில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் இல்லை. அந்த வழிகளைக் கண்டுபிடித்து நிறுவும் வேலையை அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் பிறருடைய உதவியோடு பல ஆண்டுகள் செய்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ராமானுஜனின் கடைசிக் காலத் தாள்கள், 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் எதிர்பாராமல் பார்க்கும்வரை கண்ணில் படாமலே கிடந்தன. முடிவை மட்டும் எழுதி வைப்பது ராமானுஜனுக்குப் போதுமானதாக இருந்தது. நமக்காக ஐந்து தொகுதி எழுத யாரும் வரப்போவதில்லை என்பதால், வழியையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

என் சிட்டையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறேன். ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, பத்தாம் வகுப்பில் சாய்வு பற்றிய பாடத்துக்கு ஒரு தொடக்கம் தோன்றியது. "சாய்வு — மலைப்பாதை" என்று இரண்டே சொற்களில் அதை எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால், மலைப்பாதை சாய்வாக இருக்கும் என்ற, எல்லோருக்கும் தெரிந்த செய்தியைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. ஏரிக்கரையில் இறங்கி ஓரமாக நின்று எழுதியது இது: "சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வித்தியாசம் 1,200-க்குச் சற்று மேல். தூரம் சுமார் 30 கி.மீ. என்று வகுத்தால் 100-க்கு 4 என்று வரும். இது ஒன்றும் செங்குத்து இல்லையே, பிறகு ஏன் பேருந்து திணறுகிறது என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அடிவாரம் வரை கிட்டத்தட்டச் சமதளம். அந்தத் தூரத்தைக் கழித்துவிட்டுப் போடச் சொன்னால், சராசரி எங்கே ஏமாற்றுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வளைவு எதற்கு என்பதை அதற்குப் பிறகு கேட்க வேண்டும், முன்னால் கேட்கக் கூடாது." கடைசி வரிதான் இதில் "ஈரம்". கேள்விகளின் வரிசைதான் எனக்குத் தோன்றிய புதிய விஷயம்; எண்களை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் எழுத இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு நேரமில்லாதபோது ஒரு வரியாவது "ஏனென்றால்" என்ற சொல்லோடு எழுதுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு எழுத எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் அது யோசனையே அல்ல, ஒரு தலைப்புதான்.

எதை முதலில் எழுத வேண்டும் என்பதற்கு சார்லஸ் டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு விதி சொல்லியிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்த விதி அது. தன் முடிவுகளுக்கு எதிராக ஓர் உண்மையோ ஓர் எண்ணமோ எதிர்ப்பட்டால், தவறாமல், உடனடியாக அதைக் குறித்துக்கொள்வது என்பதைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்ததாக அவர் எழுதுகிறார். தனக்குச் சாதகமானவற்றைவிடப் பாதகமானவைதாம் நினைவிலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டதுதான் காரணம். மறதி குருட்டாம்போக்கில் எதை வேண்டுமானாலும் அடித்துச் செல்வதில்லை, நமக்கு ஒத்துவராததை முதலில் அகற்றுகிறது என்ற இந்தச் செய்தி, எபிங்ஹாஸின் கணக்கில் இல்லாதது. புகழ்ச்சியை எழுதி வைக்கத் தேவையில்லை, அது நன்றாகவே நினைவில் நிற்கும்.

அந்தச் சாய்வுப் பாடத்தை நடத்தியபோது இதை நேரிலேயே பார்த்தேன். வளைத்து வளைத்துப் போட்டால் தூரம் கூடும், சாய்வு குறையும், ஏறுவது எளிதாகும் என்று நான் முடித்த இடத்தில், காப்பித் தோட்டத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க ஆயா வெறகுக் கட்டோட குறுக்கு வழியிலதான் டீச்சர் ஏறும். ரோட்டுல சுத்திப் போனா கால் வலிக்குதாம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னது என் அழகான முடிவுக்கு நேர் எதிரானது. அதனாலேயே, மணி அடித்து அடுத்த வகுப்புக்குப் போனால் இது எனக்கு நினைவிருக்காது என்று தோன்றியது. கதவைத் தாண்டும் முன்பே மேசை மேல் குனிந்து எழுதிக்கொண்டேன். கதவைத் தாண்டும் முன் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் கேப்ரியல் ராட்வன்ஸ்கியும் அவருடைய குழுவினரும், ஒரே அறைக்குள் நடப்பதைவிட, அதே தூரத்தை ஒரு வாசலைக் கடந்து நடக்கும்போது மறதி கூடுகிறது என்பதை 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். எதற்காக அடுப்படிக்கு வந்தோம் என்று நின்று யோசிப்பது வயதால் மட்டுமல்ல என்று தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் உண்டு.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. சட்டைப்பை அளவு நோட்டு ஒன்று கைப்பையின் வெளி அறையில் இருக்கிறது, அதோடு பென்சில். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் தாள் நமுத்துப்போனால் பந்துமுனைப் பேனா வழுக்கும், பென்சில் எழுதும். சமையலறையில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன், அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நின்றுகொண்டே பயணம் செய்யும் நாட்களில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்கிறேன். பேருந்தில் தனக்குத்தானே பேசுகிறாள் என்று யாரும் நினைப்பதில்லை, எல்லோருமே உரக்கப் பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். கைப்பேசியில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். குறிப்புச் செயலியைத் திறப்பதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு சிவப்புப் புள்ளி தெரியும். பீட்டர்சன் சோதனையில் மூன்று மூன்றாகக் கழிக்கச் சொன்ன வேலையை அந்தப் புள்ளிகள் கனகச்சிதமாகச் செய்துவிடுகின்றன.

பழக்கமாக்குவதைப் பற்றி, 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மேடைகளில் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு மாய எண் எதுவும் கிடைக்கவில்லை. இடைநிலை அளவு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. கணித ஆசிரியையாக எனக்கு அந்த 66-ஐவிட அந்த வீச்சுதான் முக்கியமாகப் படுகிறது. நாளை எண்ணுவதைவிட, எந்த இடத்தில் எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது உதவுகிறது. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று இடத்தையும் நேரத்தையும் கட்டிவைப்பவர்கள், வெறுமனே தீர்மானம் எடுப்பவர்களைவிட அதிகமாக நிறைவேற்றுகிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. என் கட்டு இதுதான்: பேருந்திலிருந்து இறங்கினால், பள்ளியை நோக்கி அடி எடுத்து வைப்பதற்கு முன், எழுதுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் நோட்டைத் திறப்பேன். பல நாள் ஒன்றும் இருக்காது. திறந்து, தேதி போட்டு, மூடிவிடுவேன்.

எழுதி எழுதி வைத்தால் மனப்பாட சக்தி மழுங்கிவிடும் என்ற பழைய குற்றச்சாட்டையும் மூத்த ஆசிரியர் அவ்வப்போது எடுப்பார். அவர் சுட்டிக்காட்டுவது அவதானக் கலையை. 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டியது, ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்து எதையும் தவறவிடாமல் திருப்பிச் சொல்வது, மனித மனத்தால் எதுவரை முடியும் என்பதற்குச் சான்றுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவதானி, அவையோர் கொடுத்தவற்றை, கொடுத்தார்கள் என்று தெரிந்தே, பல்லாண்டுப் பயிற்சியோடு பிடித்து வைத்துக்கொள்கிறார். பாத்திரம் தேய்க்கும்போது அழையாமல் வந்த யோசனைக்கு அப்படி வாசலில் நின்று வரவேற்பவர் யாரும் இல்லை. மேலும், நான் மனத்தில் சுமக்க விரும்புவது வாய்பாட்டையும் பாட்டையும்தான். நாளைக்கு எந்தக் கேள்வியை முன்னால் கேட்பது என்பதை அல்ல. 2018-இல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவினரும் 57 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். எழுதியவற்றில் விவரம் கூடக் கூடத் தூக்கமும் விரைவாக வந்தது. மனம் பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிவதை நிறுத்துவதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், சிட்டை மட்டும் போதாது. எழுதுவதோடு நின்றுவிடும் நோட்டுகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அலமாரியில் அழகாக இருக்கின்றன. அப்பாவின் சாயங்கால வேலைதான் கடினமானதும், சலிப்பூட்டுவதும், பலன் தருவதும். நான் தினமும் செய்வதில்லை, வெள்ளிக்கிழமை இரவு செய்கிறேன். வகுப்புக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம், எதற்கும் சேராதவற்றுக்கு ஒரு பக்கம் என்று ஒரு பெரிய நோட்டு வைத்து, சிட்டையிலிருந்து தேறியவற்றை மட்டும் அதில் ஏற்றிவிட்டு, ஏற்றியவற்றின் மேலும் தள்ளியவற்றின் மேலும் கோடு இழுக்கிறேன். தள்ளுபடியாவதுதான் அதிகம். பேருந்தில் மகத்தானதாகத் தோன்றியது, வெள்ளிக்கிழமை இரவில் பெரும்பாலும் அசடாகத் தெரிகிறது. இதில் வருத்தம் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால், அது எவ்வளவு பெரிய யோசனையாக இருந்திருக்கும் என்ற ஏக்கத்தோடு காலம் தள்ள வேண்டியிருந்திருக்கும். எழுதியதால், அது அசடு என்று தெரிந்துகொண்டு விட்டொழிக்க முடிகிறது.

பேரேட்டில் ஏறியவை சில சமயம் ஒன்றையொன்று சந்திக்கின்றன. விறகுக் கட்டைப் பற்றிய வரி, எதற்கும் சேராத பக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. பிறகொரு வெள்ளிக்கிழமை, வேலையையும் திறனையும் பற்றி அறிவியல் ஆசிரியை நடத்துவதாகச் சொன்ன ஒன்றை அதே பக்கத்தில் எழுதப்போனபோது இரண்டும் அடுத்தடுத்து வந்தன. எந்த வழியில் ஏறினாலும் ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான். பேருந்தின் இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்க முடியும் என்பது வரம்பு, அதனால் அதற்கு வளைவு வேண்டும். அந்தப் பாட்டிக்கோ, தலையில் சுமையோடு எவ்வளவு நேரம் நிற்கவும் நடக்கவும் வேண்டும் என்பது வரம்பு, அதனால் அவருக்குக் குறுக்கு வழி வேண்டும். எது எளிது என்ற கேள்விக்கு, யாருக்கு என்று திருப்பிக் கேட்காமல் பதில் இல்லை. அடுத்த ஆண்டுப் பாடத்தில் சாய்வை அந்தப் பாட்டியிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்து, பத்தாம் வகுப்புப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய வரியின் மேல் கோடு இழுத்தேன்.